ஒரு வேகன் அரிசியில் ஒரே ஒரு மணி: ரத்தத்தில் நோயின் தடயத்தை நானோதுகள் எப்படித் தேடுகிறது?

"ஒரு துளி ரத்தம் போதும், நானோ தொழில்நுட்பத்தில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்" என்கிற மாதிரிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகின்றன. சில நேரம் அது ஆய்வுக்கூடச் செய்தியாக வருகிறது, சில நேரம் முகாம் நோட்டீஸாக. வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் ஆலைப் புகையையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் பார்த்தே வளர்ந்தவர்கள் இதை லேசில் தள்ளிவிட மாட்டார்கள். இது நிஜமா, நம்ம ஏரியா லேபில் இருக்கிறதா, போய் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், 'நானோதுகள்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடப்பதுதான். முதல் இரண்டும் ஏற்கெனவே வண்ணாரப்பேட்டையில் ரத்தம் கொடுப்பவர்களுக்கும் நடந்துகொண்டிருக்கின்றன, பெயர்தான் யாரும் சொல்வதில்லை. மூன்றாவது இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில் இருக்கிறது. செய்தியில் மூன்றும் கலந்து வரும்போதுதான் குழப்பம் வருகிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ரத்தத்தில் தேடுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நோய் வந்தால் உடம்பு ரத்தத்தில் தடயம் விடும். இதயத் தசை சேதமானால் 'ட்ரோபோனின்' என்ற புரதம் கசியும். டெங்கு வைரஸ் புகுந்த செல்கள் 'என்எஸ்1' என்ற வைரஸ் புரதத்தை வெளியே தள்ளும். புராஸ்டேட் சுரப்பியில் கோளாறு வந்தால் 'பிஎஸ்ஏ' என்ற புரதம் கூடலாம். இப்படி நோயைச் சுட்டும் பொருளுக்கு பயோமார்க்கர் என்று பெயர். இந்தக் கட்டுரையில் மார்க்கர் என்றே சொல்வோம்.

தடயம் இருக்கிறது, சரி. எவ்வளவு இருக்கிறது? ரத்த அணுக்களை நீக்கினால் மிஞ்சும் ரத்த நீரில் அதிகமாக இருக்கும் புரதம் ஆல்புமின். ஒரு லிட்டர் ரத்த நீரில் சுமார் 40 கிராம். ட்ரோபோனின்-டி என்ற மார்க்கர் அதே ஒரு லிட்டரில் 14 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர் இதயத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஆல்புமின் கிட்டத்தட்ட 300 கோடி மடங்கு அதிகம்.

300 கோடி என்றால் மனதில் நிற்காது. கொருக்குப்பேட்டை யார்டில் நிற்கும் சரக்கு வேகன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 60 டன் ஏற்றலாம். 25 கிலோ மூட்டையாக அரிசி ஏற்றினால் 2,400 மூட்டை. ஒரு அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் என்று வைத்தால், அந்த வேகனில் இருப்பது 300 கோடி மணி. அதில் ஒரே ஒரு மணியில் கறுப்புப் புள்ளி இருக்கிறது, அதை எடுத்துக் கொடு என்பதுதான் லேபுக்கு நாம் கொடுக்கும் வேலை. அதுவும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள், ஏனென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

ரத்த நீரில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் மொத்தப் புரத எடையில் 99 சதவீதம் வெறும் 22 வகைகளால் ஆனது. நோயைப் பற்றிச் சொல்லக்கூடியவை பெரும்பாலும் மீதி 1 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. இந்தத் துறையின் எல்லாப் பாடும் இந்த ஒரு விகிதத்தோடுதான்.

நானோ என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் வாக்கில் இருக்கும். சிவப்பணு ஒன்றின் அகலம் ஏறக்குறைய 7,500. டெங்கு வைரஸ் 50. ரத்தத்தில் கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) 10 முதல் 15. பரிசோதனை அட்டைகளில் போடும் தங்கத்துகள் 40 வாக்கில். அதாவது இந்தத் துகள் புரதங்களின் உலகத்தைச் சேர்ந்தது. அவற்றோடு முட்டி மோதி, ஒட்டிக்கொள்ளக்கூடிய அளவு.

சின்னதாக்கினால் என்ன லாபம்? ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கட்டி ஒன்றை எடுங்கள். எடை 19.3 கிராம், சுமார் 2.4 சவரன். ஆறு பக்கமும் சேர்த்து அதன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. இதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக வெட்டிக்கொண்டே போனால், எடை அதே 2.4 சவரன்தான், ஆனால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் இரண்டே முக்கால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு இடத்திலும் மார்க்கரைப் பிடிக்கும் கைகளைப் பதிக்கலாம். ரத்தத்தில் மிதக்கும் அபூர்வப் புரதம் எந்தப் பக்கம் போனாலும் ஒரு கை இருக்கும்.

அளவு மாறினால் குணமும் மாறும். நானோ அளவுத் தங்கம் மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு மாதிரிச் சிவப்பாக இருக்கும். அந்த அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆடி, பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன. மிச்சம் வருவது சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857இல் இதை ஆராய்ந்து எழுதினார். அவர் செய்த சிவப்புத் தங்கக் கரைசல் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் இருக்கின்றன. துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாகிவிட்டால் அதே கரைசல் நீலமாகிவிடும். இந்த நிறமாற்றத்தையே சில பரிசோதனைகள் அடையாளமாகப் பயன்படுத்துகின்றன.

முதல் வேலை: கண்ணுக்குக் காட்டுவது

மழைக்காலம். தண்டையார்பேட்டையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. தெருமுனை லேபில் ரத்தம் எடுத்து, விரல் நீளப் பிளாஸ்டிக் அட்டையில் சொட்டு விடுகிறார்கள். கால் மணி நேரத்தில் இளஞ்சிவப்புக் கோடு. "என்எஸ்1 பாசிட்டிவ்" என்று சீட்டு வருகிறது. அந்தக் கோடு சாயம் அல்ல, தங்கம். நடப்பது இது:

1. அட்டையின் ஓரத்தில் ஒரு சின்னப் பஞ்சில் தங்கத்துகள்கள் காயவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துகளின் மேலும் என்எஸ்1ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும்.

2. ரத்த நீர் பட்டதும் அவை கரைந்து, தாளில் தண்ணீர் ஏறுவது போல ஊர்ந்து போகும். வழியில் என்எஸ்1 கிடைத்தால் பிடித்துக்கொள்ளும்.

3. 'டி' என்று போட்ட இடத்தில் அதே என்எஸ்1இன் வேறொரு பக்கத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் வரிசையாகக் காத்திருக்கும். என்எஸ்1ஐச் சுமந்துவரும் தங்கத்துகள் அங்கே சிக்கும். ஒரு துகள் கண்ணுக்குத் தெரியாது. ஏராளமாகச் சேர்ந்தால் கோடு.

4. 'சி' என்ற இடத்தில் எந்தத் தங்கத்துகள் வந்தாலும் நிற்கும். அங்கே கோடு வராவிட்டால் அட்டையே பழுது, 'டி' என்ன காட்டினாலும் செல்லாது.

கர்ப்பப் பரிசோதனை அட்டை, மலேரியா அட்டை, கொரோனா காலத்தில் வீட்டிலேயே செய்த ஆன்டிஜென் டெஸ்ட், எல்லாம் இதே வகை. சிலதில் தங்கத்துக்குப் பதில் நிறமேற்றிய லேடெக்ஸ் துகள் இருக்கும். நானோ தொழில்நுட்பம் எதிர்காலத்தில் வரப்போகிறது என்று பேசுகிறவர்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியிலும் அது ஏற்கெனவே கிடந்திருக்கும்.

இந்த அட்டைக்கு எல்லைகள் உண்டு. அதை லேபில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

நாள் முக்கியம். என்எஸ்1 காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இருக்கும். ஐந்தாவது நாளை ஒட்டிக் குறைய ஆரம்பிக்கும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இன்னும் சீக்கிரம் மறையலாம். அதற்குப் பிறகு தேட வேண்டியது ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி. ஆறாம் நாள் என்எஸ்1 மட்டும் பார்த்து "நெகட்டிவ், டெங்கு இல்லை" என்று வீட்டுக்கு வந்துவிடுவது ஆபத்து. அட்டை முடிவை மட்டும் நம்பி டெங்கு என்று உறுதி செய்யக் கூடாது, எலிசா என்ற லேப் முறையில் பார்க்க வேண்டும் என்பதுதான் தேசிய வழிகாட்டுதலும்.

நேரமும் முக்கியம். 15 அல்லது 20 நிமிடம் என்று எழுதியிருந்தால் அந்த நேரத்தில்தான் படிக்க வேண்டும். அரை நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் காய்ந்த அட்டையில் பொய்க்கோடு தெரியலாம்.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மார்க்கர் மிதமிஞ்சி இருந்தாலும் கோடு மங்கிவிடும். கோடு விழ வேண்டுமானால் ஒரே மார்க்கரைத் தங்கத்துகள் ஒரு பக்கமும், கோட்டில் காத்திருக்கும் ஆன்டிபாடி மறுபக்கமும் பிடிக்க வேண்டும். மார்க்கர் வெள்ளமாக இருந்தால் தங்கத்துகளின் கைகள் தனியாக நிரம்பிவிடும், கோட்டின் கைகளும் தனியாக நிரம்பிவிடும். இரண்டையும் சேர்க்க ஆள் இல்லை. இதைக் கொக்கி விளைவு என்பார்கள். சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்த்து மறுபடி பார்ப்பார்கள். நீர்த்த பிறகு கோடு அடர்த்தியாக வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இரண்டாவது வேலை: இழுத்துப் பிரிப்பது

வேகன் அரிசிக்குத் திரும்புவோம். தேடும் மணியில் மட்டும் காந்தத்தை இழுக்கும் ஏதோ ஒன்று ஒட்டியிருந்தால்? 2,400 மூட்டையையும் பிரித்துப் பார்க்க வேண்டாம், காந்தத்தைக் காட்டினால் போதும். இதைத்தான் இரும்பு ஆக்ஸைடு நானோதுகள் செய்கிறது.

சாதாரண இரும்புத் தூளைக் காந்தத்தில் தேய்த்தால் தூளும் காந்தமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஆக்ஸைடு சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் அந்தக் குணம் போய்விடும். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இழுபடும், எடுத்ததும் எதுவும் நடக்காதது போலக் கலைந்து மிதக்கும். இதனால்தான் ரத்தத்தில் கலந்து, மார்க்கரைப் பிடிக்கவிட்டு, ஓரமாக இழுத்து, மற்றதையெல்லாம் கழுவிக் கொட்டிவிட்டு, மறுபடி கலக்க முடிகிறது.

தைராய்டு, ட்ரோபோனின், பிஎஸ்ஏ போன்றவற்றைப் பார்க்கும் பெரிய தானியங்கி மெஷின்கள் பலவற்றின் உள்ளே நடப்பது இதுதான். அங்கே மார்க்கரைப் பிடிக்கப் பயன்படும் குட்டிக் காந்த உருண்டைகள் (மணிகள்) பெரும்பாலும் நானோவைவிடப் பெரிய மைக்ரோ அளவு, ஆனால் அவற்றுக்கு இந்தக் காந்தக் குணத்தைக் கொடுப்பது உள்ளே பதிந்திருக்கும் நானோ அளவு இரும்பு ஆக்ஸைடு. ரிப்போர்ட்டில் 'சிஎல்ஐஏ' அல்லது 'ஈசிஎல்ஐஏ' என்று முறை போட்டிருந்தால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பரிசோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே நானோ அளவுத் துகளை வைத்து அமெரிக்காவில் அனுமதி பெற்றவையும் உண்டு. 2004இல் அனுமதி கிடைத்த 'செல்சர்ச்', ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய் செல்களை ஆன்டிபாடி பூசிய இரும்புத் துகளால் இழுத்து எண்ணுகிறது. 2014இல் வந்த 'டி2கேண்டிடா', ரத்தத்தில் கலந்த பூஞ்சைத் தொற்றைக் காந்த நானோதுகள் வழியாக ஐந்து மணி நேரத்துக்குள் காட்டுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறையில் நாட்கணக்காகும்.

செல்சர்ச் பற்றிய ஒரு விவரம் 'ஒரு துளி' கதைக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அது எடுப்பது 7.5 மில்லி ரத்தம். பரவிய மார்பகப் புற்றுநோயில் அந்த 7.5 மில்லியில் 5 செல்கள் இருந்தாலே கவலைக்குரிய எண்ணிக்கை. இப்போது விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுங்கள், 0.05 மில்லி. அது 7.5 மில்லியில் 150இல் ஒரு பங்கு. 5 செல்களும் 150 துளிகளில் பரவிக் கிடக்கின்றன, ஆக முப்பது துளிக்கு ஒன்றில்தான் ஒரு செல் இருக்கும். மீதி 29 துளியில் இல்லவே இல்லை. துளியில் இல்லாததை எந்த நானோதுகளாலும் பிடிக்க முடியாது.

அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய தெரானோஸ் நிறுவனம் விரல் நுனி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகள் செய்யலாம் என்று சொல்லிப் பெரும் முதலீடு திரட்டியது. ரத்தம் பிடிக்கும் குட்டிக் குப்பிக்கு 'நானோடெய்னர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அதன் நிறுவனர் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022இல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. பெயரில் நானோ இருப்பதை மட்டும் வைத்து எதையும் நம்ப வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காந்த மணிகளில் பல, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் விடாமல் ஒட்டிக்கொள்ளும் குணத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் ரத்தத்தில் நிறைந்திருந்தால் மணியின் இடங்களை அது அடைத்துக்கொள்ளும். ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். தைராய்டு ரீடிங்கும் மாறலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தம் கொடுக்கும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வேலை: தெரியாததைத் திரட்டுவது

முதல் இரண்டு வேலையிலும் எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரியும். ஆனால் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோய்க்கோ கணையப் புற்றுநோய்க்கோ நம்பகமான ஒற்றை ரத்த மார்க்கர் இன்னும் கையில் இல்லை. எதைத் தேடுவது என்றே தெரியாதபோது என்ன செய்வது? புதுச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஆன்டிபாடி எதுவும் பூசாத நானோதுகளை ரத்த நீரில் போட்டால் அது வெறுமையாக இருக்காது. சில நொடிகளில் புரதங்கள் அதன் மேல் போர்த்திக்கொள்ளும். இந்தப் போர்வைக்குப் 'புரதக் கொரோனா' என்று 2007இல் பெயர் வைத்தார்கள். கொரோனா என்றால் கிரீடம், வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மருந்தை நானோதுகளில் ஏற்றி உடம்புக்குள் அனுப்ப நினைத்தவர்களுக்கு இந்தப் போர்வை பெரிய தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லையையே கருவியாக்கினால் என்ன என்று சிலர் யோசித்தார்கள்.

ஏன் அது பயன்படும்? போர்வையில் சேரும் கூட்டம் ரத்தத்தில் உள்ள விகிதத்திலேயே இருப்பதில்லை. முதலில் ஒட்டுவது எண்ணிக்கையில் அதிகமான ஆல்புமின் போன்றவை. பிறகு, எண்ணிக்கையில் குறைவானாலும் அந்தத் துகளோடு இறுக்கமாக ஒட்டக்கூடிய புரதங்கள் வந்து அவற்றைக் கிளப்பிவிடுகின்றன. மின்ட் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்ததும் ஓடிப்போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த ஆண்கள், பெண்கள் ஏறியதும் எழுந்து இடம் விடுவார்களே, அது மாதிரி. கடைசியில் துகளின் மேல் மிஞ்சுவதில் அபூர்வப் புரதங்களின் பங்கு கூடியிருக்கும். 300 கோடிக்கு ஒன்று என்ற விகிதம் சுருங்குகிறது. துகளைக் காந்தத்தால் இழுத்து, புரதத்தை உரித்து, நிறைநிறமாலைமானி என்ற கருவியில் கொடுத்தால் அது என்னென்ன புரதம் என்று பட்டியல் போட்டுவிடும்.

துகளின் மேற்பரப்பை மாற்றினால் கூட்டமும் மாறும். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து வகை நானோதுகளை ஒன்றாகப் பயன்படுத்தி, 141 பேரின் ரத்தத்திலிருந்து 2,000க்கும் மேற்பட்ட புரதங்களைக் கண்டதாக வெளியிட்டார்கள். ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயாளிகளும் அதில் இருந்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழிகளை மருந்தோடு ஏற்றிக்கொண்ட புற்றுநோயாளிகளின் ரத்தத்திலிருந்து அந்தக் குமிழிகளைத் திரும்ப எடுத்து, அவற்றில் ஒட்டியிருந்த புரதங்களைப் படித்திருக்கிறார்கள். ஆற்றில் வலை போட்டு வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பார்ப்பது போன்ற வேலை. எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

இது அருமையான அறிவியல், சந்தேகமில்லை. ஆனால் இது தரும் பொருள் ஒரு பட்டியல். பட்டியலிலிருந்து, உங்கள் கையில் வரும் ரிப்போர்ட் வரை நீண்ட பாதை இருக்கிறது.

மார்க்கர் கிடைப்பதும் நோயைக் கண்டுபிடிப்பதும் ஒன்றா?

இல்லை. செய்திகளில் காணாமல் போவது இந்தப் பகுதிதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு புற்றுநோய் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு புது ரத்தப் பரிசோதனை நோயாளிகளில் 99 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 99 சதவீதத்தினருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். கேட்க அற்புதமாக இருக்கிறது. முகாம் போட்டு ஒரு லட்சம் பேருக்கு எடுக்கிறோம்.

1. நோய் உள்ளவர்கள் 100 பேர். அதில் 99 பேர் பிடிபடுவார்கள்.

2. நோய் இல்லாதவர்கள் 99,900 பேர். அதில் 1 சதவீதம், அதாவது 999 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும்.

3. மொத்தப் பாசிட்டிவ் 1,098. அதில் உண்மையான நோயாளி 99 பேர். பதினோரு பேரில் ஒருவர்.

மீதி 999 பேர், பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் ஸ்கேன் எடுக்கவும் சதை எடுத்துப் பார்க்கவும் வரிசையில் நிற்பார்கள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையான நோயாளிகளும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதே பரிசோதனையை, அறிகுறி இருப்பதால் டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பிய 1,000 பேருக்கு எடுப்போம். இவர்களில் 200 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 198 பேர் பிடிபடுவார்கள், பொய்ப் பாசிட்டிவ் 8 மட்டும். வந்த பாசிட்டிவில் 96 சதவீதம் நிஜம். துகள் அதே துகள், மெஷின் அதே மெஷின். யாருக்கு எடுக்கிறோம் என்பது மாறியதால் பலன் இவ்வளவு மாறுகிறது.

நடந்ததையும் பார்க்கலாம். பிரிட்டனில் சினைப்பைப் புற்றுநோய்க்காக 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினருக்கு சிஏ-125 என்ற ரத்த மார்க்கரைப் பார்த்தார்கள். சில புற்றுநோய்கள் முன்கூட்டியே பிடிபடத்தான் செய்தன. ஆனால் 2021இல் வந்த முடிவில், அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

2002இல் அதே சினைப்பைப் புற்றுநோய்க்கு ரத்தப் புரதங்களின் மொத்த வடிவத்தை வைத்தே கிட்டத்தட்டத் தவறில்லாமல் கண்டுபிடிக்கலாம் என்று பிரபல மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. உலகமே கொண்டாடியது. பிறகு தரவைத் தோண்டிய புள்ளியியலாளர்கள், தெரிந்த வேறுபாட்டில் ஒரு பகுதி நோயால் வந்ததாகத் தெரியவில்லை, மாதிரிகளைக் கையாண்ட விதத்தாலும் கருவி ஓடிய விதத்தாலும் வந்திருக்கலாம் என்று காட்டினார்கள். புரதக் கொரோனா ஆய்வுகளுக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது காசநோய். ஆன்டிபாடியை வைத்து ரத்தத்தில் டிபி பார்க்கும் கிட்டுகள் ஒரு காலத்தில் தனியார் லேபுகளில் தாராளமாக ஓடின. நோயில்லாதவர்களுக்கு இருக்கிறது என்றும் இருப்பவர்களுக்கு இல்லை என்றும் வந்ததால் 2011இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னது. இந்திய அரசு 2012இல் தடையே போட்டுவிட்டது. அதற்காக ரத்தத்தில் டிபியைத் தேடும் முயற்சி நிற்கவில்லை. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்துளை சிலிக்கான் நானோ வட்டுகளை வைத்து, டிபி கிருமி விடும் புரதத்துண்டுகளையே ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். உடம்பின் எதிர்வினையை விட்டுவிட்டுக் கிருமியின் பொருளையே தேடுவதால் இது நல்ல பாதை. சளி வராத சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று வந்தால் பேருதவி. ஆனால் இன்று இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் போக வேண்டியது அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குத்தான். சளியில் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகள் இரண்டும் அங்கே இலவசம்.

முகாம் நோட்டீஸ் கையில் வந்தால்

கேட்க வேண்டியவை அதிகமில்லை. எந்த நோய், எந்த மார்க்கர் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாக் கேன்சரும்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கிட்டுக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் உண்டா என்று கேளுங்கள். 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்படி பரிசோதனைக் கிட்டுகளும் அதன் கீழ்தான் வருகின்றன. பாசிட்டிவ் வந்தால் அடுத்த பரிசோதனை எது, எங்கே, யார் செலவு என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத முகாமில் ரத்தம் கொடுத்து மிஞ்சுவது பயம்தான்.

முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனை உண்டு. மூன்றுக்கும் ரத்தம் தேவையில்லை. கண்ணாலும் கையாலும் பார்க்கும் எளிய முறைகள், நானோவும் இல்லை. இன்றைக்குச் செய்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

கைக்கும் மெஷினுக்கும் நடுவே

மூன்றாவது வகைப் பரிசோதனை நம் பகுதிக்கு வரும் நாளில் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது துகளைவிட ட்யூப் என்பது என் கணிப்பு. ஆய்வுகளில் ரத்தத்தை எடுத்துக் குறித்த நேரத்துக்குள் சுழற்றி, ரத்த நீரைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். இங்கே கொடுங்கையூரில் காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், மே மாத வெயிலில் பைக் பெட்டியில் நாலைந்து இடம் சுற்றி, மெயின் லேபுக்கு மதியம் போய்ச் சேரலாம். அதற்குள் சிவப்பணு சில உடையும், தட்டணுக்கள் தங்களிடம் உள்ளதைக் கொட்டும். நானோதுகளுக்கு நோயிலிருந்து வந்த புரதம், வெயிலில் வந்த புரதம் என்ற வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரிப் போர்த்திக்கொள்ளும். எந்த மூடி போட்ட ட்யூப் என்பதும் விடையை மாற்றும். ஊதா மூடி ட்யூபில் உறையாமல் இருக்க ஈடிடிஏ இருக்கும், சிவப்பு மூடியில் ரத்தம் உறையவிடப்படும். உறையும்போது வெளிவரும் புரதங்கள் தனிக் கூட்டம்.

இது நாளைய பரிசோதனைக்கு மட்டும் பொருந்துவதல்ல. சுழற்றாமல் வைத்த ட்யூபில் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சுகர் குறைவாகக் காட்டும். அணு உடைந்தால் பொட்டாசியம் கூடுதலாகத் தெரியும். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது லேபிளில் பெயர், வயதுக்குப் பக்கத்தில் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மாதிரி லேபுக்கு வந்து சேர்ந்த நேரம் அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் ஓடியிருந்து ரீடிங்கும் விபரீதமாக இருந்தால், மாத்திரையை மாற்றும் முன் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.